த்ரீ நாட் த்ரீ உண்மையிலேயே மட்டமான துப்பாக்கியா?

வாசகர் கேள்வி, 2 ஜூலை 2023

முதல் உலகப்போர்த் துப்பாக்கி என்று பேச்சு வந்தாலே எல்லாரும் லீ-என்ஃபீல்டை, அதாவது நம் ஊர் த்ரீ நாட் த்ரீயை (303), தலையில் தூக்கி வைத்து ஆடுகிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. தோட்டாவின் அடியில் விளிம்பு வைத்தது அரதப்பழசான யோசனை. தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட்டைப் பின்பக்கமாகப் பூட்டுவது பலவீனம். ஜெர்மானியரின் மவுசர் 98 இரண்டிலும் மேல். வெள்ளைக்காரன் கழித்துப்போட்டதை நம் போலீஸ் இத்தனை வருஷம் கட்டி அழுதது, அவ்வளவுதான். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

2 ஜூலை, இரவு 10.40

இருக்கிறது. ஆனால் ஒன்று: மவுசரை நான் தொட்டதே இல்லை, 303-ஐத் தோள் வீங்கச் சுட்டிருக்கிறேன். என்னிடம் நடுநிலை எதிர்பார்க்காதீர்கள்.

1984, திருநெல்வேலிப் பக்கம் என்.சி.சி. முகாம். மற்ற நாளெல்லாம் சின்ன .22 துப்பாக்கிதான். அன்றைக்கு மட்டும் ஆளுக்கு ஐந்து தோட்டா, 303-ல். முதல் தோட்டா வெடித்ததும் காதுக்குள் 'ங்ங்' என்று ஒரே ரீங்காரம். பக்கத்தில் குனிந்திருந்த ஹவில்தாரின் வாய் அசைந்தது, என்ன திட்டினார் என்று கேட்கவில்லை. கட்டையைத் தோளோடு இறுக்கிப் பிடிக்காததற்குத்தான் திட்டு என்று தோள் சொல்லிவிட்டது. இரண்டு நாள் அந்தக் கையால் தலை சீவ முடியவில்லை. ஆனாலும் ஐந்தும் அட்டையில் விழுந்தன, இதை எங்கே வேண்டுமானாலும் சொல்லிக்கொள்வேன்.

இப்போது போல்ட். மவுசரில் பிடியை 90 டிகிரி தூக்க வேண்டும், இதில் 60 போதும். வெடித்த பித்தளைக் கூடு விரிந்து குழலின் அடியில் அப்பிக்கொண்டிருக்கும். மவுசரில் பிடியைத் தூக்கும்போதே அந்தக் கூட்டையும் இளக்க வேண்டும், அடிக்கும் ஊசியின் ஸ்பிரிங்கையும் இறுக்க வேண்டும். ஒரே அசைவில் இரண்டு வேலை. 303-ல் தூக்குவது கூட்டை இளக்க மட்டும். ஸ்பிரிங் இறுகுவது போல்ட்டை முன்னால் தள்ளி மூடும்போது. தள்ளும்போது கைக்கு உடம்பின் பலமும் சேர்ந்து கிடைக்கிறது. பிடியின் உருண்டையும் ட்ரிகருக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது. தோளிலிருந்து துப்பாக்கியை எடுக்காமல், கண்ணைக் குறியிலிருந்து விலக்காமல் அடுத்ததைச் சுடலாம்.

மேகசினில் 10 தோட்டா. மவுசரில் 5. இத்தனைக்கும் பேரிலேயே 'குட்டை மேகசின்' என்று இருக்கிறது. லீ என்ற அமெரிக்கர் செய்த மேகசின் அது. மீதி நாளைக்கு.

3 ஜூலை, காலை 7.15

விடிவதற்குள் இரண்டு குட்டு வாங்கியாகிவிட்டது. இரண்டும் நியாயம்.

ஒன்று, 'குட்டை' மேகசினைச் சொல்லவில்லை. முழுப்பெயரில் 'ரைபிள், ஷார்ட், மேகசின், லீ-என்ஃபீல்ட்' என்று நடுநடுவே காற்புள்ளி உண்டு. குட்டையானது ரைபிள். முந்தைய நீளமான லீ-என்ஃபீல்டின் குழல் 30 அங்குலத்துக்குக் கொஞ்சம் அதிகம், இதன் குழல் 25 அங்குலத்துக்குக் கொஞ்சம் அதிகம். முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஸ்மெல்லி' என்று சிப்பாய்கள் கூப்பிட்டார்கள். அந்தப் பெயருக்கும் நாற்றத்துக்கும் சம்பந்தமில்லை, வெயிலில் நாலு மணி நேரம் அணிவகுத்தால் நாறுவது நாம்தான்.

இரண்டு, ஜேம்ஸ் பாரிஸ் லீ பிறந்தது ஸ்காட்லாந்தின் ஹாவிக்கில், 1831-ல். சின்ன வயதிலேயே குடும்பத்தோடு கனடா போய், பிறகு அமெரிக்கா போய்க் குடியுரிமை வாங்கியவர். 'என்ஃபீல்ட்' ஆள் பேர் இல்லை, லண்டனுக்கு வடக்கே இருந்த அரசுத் தொழிற்சாலையின் ஊர். லீயின் போல்ட், என்ஃபீல்டில் வகுத்த குழல் வரி (குண்டைச் சுழல வைக்கக் குழலுக்குள் செதுக்கும் பள்ளம்). இரண்டையும் 1895-ல் சேர்த்தார்கள்.

அதற்கு முன்னால் 1888-ல் லீ-மெட்ஃபோர்ட். மெட்ஃபோர்ட் வகுத்த குழல் வரி ஆழமில்லாதது, மழுங்கலான விளிம்பு கொண்டது. கரிமருந்தின் கசடு படியாமல் இருக்க அப்படி. அப்புறம் கார்டைட் என்ற புது வெடிமருந்து வந்தது. அதன் சூட்டில் அந்த மென்மையான வரி சீக்கிரம் தேய்ந்துபோனது. அதனால்தான் ஆழமாகச் செதுக்கிய ஐந்து வரி, என்ஃபீல்ட் முறை.

3 ஜூலை, இரவு 11.05

விளிம்பு விஷயத்துக்கு வருகிறேன். கேள்வி கேட்டவர் இதில்தான் பலமாக நிற்கிறார். நானும் முப்பது வருஷம் அவர் கட்சியில்தான் இருந்தேன்.

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். முகாமில் என் மூன்றாவது தோட்டா சிக்கியது. போல்ட்டைத் தள்ளுகிறேன், பாதியில் நிற்கிறது. பலம் கொடுத்துத் தள்ளினேன், அசையவில்லை. ஹவில்தார் வந்து மேகசினைக் கழற்றி உள்ளே விரல்விட்டு ஒன்றை நெம்பினார். மேல் தோட்டாவின் விளிம்பு, கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டியிருந்தது. மேலதைத் தள்ளினால் அது கீழதையும் இழுத்துக்கொண்டு வரப் பார்க்கும், இரண்டும் நகராது. ஆணியின் தலையை இன்னொரு ஆணியின் தலைக்குப் பின்னால் மாட்டிவிட்டு இழுத்துப் பாருங்கள், தெரியும்.

அன்றைக்கு நான் துப்பாக்கியைத்தான் திட்டினேன். ஆனால் ஐந்து தோட்டாவைக் கோத்து ஒரே அமுக்கில் இறக்கும் சார்ஜர் தகடு எங்களுக்குத் தரவில்லை. உதிரித் தோட்டாவைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அமுக்கி உள்ளே போட்டோம். ஒவ்வொரு தோட்டாவின் விளிம்பும் கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் உட்காரும்படி போட வேண்டும். எனக்குச் சொல்லியும் கொடுத்தார்கள். கேட்கிற வயசா அது?

சரி, ஏன் விளிம்பு? 1888-ல் கிட்டத்தட்ட எல்லாத் தோட்டாவுக்கும் விளிம்பு இருந்தது. தோட்டா எவ்வளவு உள்ளே போய் நிற்க வேண்டும் என்பதை அந்த விளிம்புதான் தீர்மானிக்கிறது. விளிம்பு சரியாக உட்கார்ந்தால் போதும், தோட்டா உட்காரும் அறையைக் கொஞ்சம் தாராளமாகக் குடையலாம். தொழிற்சாலைக்கு வசதி. ஐந்தாறு தொழிற்சாலையில் அடித்த தோட்டா எந்தத் துப்பாக்கியிலும் போகும். சேறு பட்ட தோட்டாவும் போகும்.

இதற்குச் சாட்சி கனடாவின் ராஸ் ரைபிள். அதுவும் இதே 303 தோட்டாவைச் சுடுவதுதான், அதே விளிம்புதான். ஆனால் அறையை இறுக்கமாகக் குடைந்திருந்தார்கள். குறி பார்த்துச் சுடும் போட்டிகளில் அது ராஜா. 1915-ல் பெல்ஜியத்தின் ஈப்ரஸ் சண்டையில் சேற்றிலும் சூட்டிலும் போல்ட் இறுகிக்கொண்டது, பூட்ஸ் காலால் உதைத்துத் திறந்தார்கள். கனடா சிப்பாய்கள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, விழுந்து கிடந்த பிரிட்டிஷாரின் லீ-என்ஃபீல்டுகளை எடுத்துக்கொண்டார்கள்.

பிரிட்டிஷார் விளிம்பைக் கட்டிக்கொண்டு அழவும் இல்லை. 1913-ல் மவுசர் பாணியில், முன்பக்கப் பூட்டோடு, விளிம்பில்லாத .276 தோட்டாவுக்கு ஒரு புதுத் துப்பாக்கியைப் பரீட்சை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறு வருஷம் போர் வந்துவிட்டது, தோட்டாவை மாற்ற நேரமில்லை. அந்தத் துப்பாக்கியையே 303-க்கு மாற்றி அமெரிக்காவில் செய்ய வைத்தார்கள், பி-14 என்று பெயர். ஆக, கேள்வி கேட்டவர் சொன்ன இரண்டு குறையையும் 1913-லேயே பிரிட்டிஷ் ராணுவமே சொல்லிவிட்டது. எதிர்த்தரப்புக்கு நானே பாயிண்ட் எடுத்துக் கொடுக்கிறேன், பரவாயில்லை.

4 ஜூலை, மதியம்

யாழ்ப்பாண நண்பர் 'ரவை' என்று எழுதியதைப் பார்த்துவிட்டு ஒருவர் உப்புமா படம் போட்டிருக்கிறார். ஈழத்தில் தோட்டாவுக்கு ரவை என்பதுதான் வழக்கம், சன்னம் என்றும் சொல்வார்கள். ஆனால் என் தோட்டா சிக்கிய கதைக்கு உப்புமா பொருத்தம்தான். அதுவும் பாதியில் நிற்கும்.

4 ஜூலை, இரவு 9.50

போயர் போரைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். அதைச் சொல்லாமல் இந்தத் துப்பாக்கியின் கதை நிற்காது.

1899-ல் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷாரை எதிர்த்த போயர் (டச்சு வம்சாவளி) விவசாயிகளின் கையில் மவுசர். ஐந்து தோட்டாவை ஒரு தகட்டில் கோத்து வைத்து ஒரே அமுக்கில் இறக்கினார்கள். பிரிட்டிஷார் நீள லீ-என்ஃபீல்டில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். போதாக்குறைக்கு, அனுப்பிய துப்பாக்கிகளில் பலவற்றின் குறிமுனை கோணலாக இருந்தது. 500 கெஜத்தில் 18 அங்குலம் வலப்பக்கம் தள்ளிப் போனது. எதிரில் நிற்பவனைக் குறி வைத்தால் அவனுக்குப் பக்கத்தில் நிற்பவனுக்குத்தான் ஆபத்து.

அடி வாங்கிய பிறகு வந்ததுதான் 1903-ன் குட்டை ரைபிள். அதுவரை குதிரைப்படைக்கு ஒரு நீளம், காலாட்படைக்கு ஒரு நீளம். இனி எல்லாருக்கும் ஒன்று என்றார்கள். உடனே கூப்பாடு. குதிரைப்படைக்கு இது நீளம், காலாட்படைக்கு இது குட்டை, ஒருத்தருக்கும் ஆகாது என்று பத்திரிகைகளில் கிழித்தார்கள். 1907-ல் அதன் மார்க் 3 வகை வந்தது, சார்ஜர் தகட்டைப் பிடித்து நிறுத்த நிலையான பாலத்தோடு. குழல் குட்டையானதால் அதன் நுனியில் மாட்டும் கத்தியை (பயனெட்) நீளமாக்கினார்கள், 17 அங்குல அலகு. ஒரு கையில் மிச்சம் பிடித்ததை மறு கையில் விட்டார்கள்.

மார்க் 3-ல் எனக்குப் பிடித்த வேடிக்கை மேகசின் கட்-ஆஃப். மேகசினுக்கு மேலே ஒரு தகடு. அதை உள்ளே தள்ளினால் பத்து தோட்டாவும் அடைபட்டுவிடும், சிப்பாய் ஒவ்வொன்றாகக் கையால் போட்டுச் சுட வேண்டும். பத்தும் 'அவசரத்துக்கு'. சிப்பாய் கையில் வேகத்தைக் கொடுத்தால் தோட்டாவை வீணாக்குவான் என்று மேலிடத்துக்குப் பயம். பீரோ சாவியை மருமகளிடம் கொடுத்துவிட்டு லாக்கர் சாவியை இடுப்பில் முடிந்துகொள்ளும் மாமியார் மாதிரி. கட்டையின் பக்கவாட்டில் 2,000 கெஜத்தையும் தாண்டிச் சுட ஒரு தனிக் குறி வேறு. அந்தத் தூரத்தில் ஆளே கண்ணுக்குத் தெரியாது, கூட்டமாகச் சேர்ந்து உத்தேசமாகப் பொழிவதற்கு.

போர் மும்முரமானதும், 1916-ல் வந்த நட்சத்திரக் குறியிட்ட மார்க் 3-ல் இரண்டையும் கழற்றி எறிந்தார்கள். செய்கிற நேரம் மிச்சம், சுடுகிறவனுக்கும் நிம்மதி.

5 ஜூலை, காலை

நிமிஷத்துக்கு 15. இதை ஏற்கனவே நாலு பேர் எழுதிவிட்டார்கள், அதனால் சுருக்கமாக. 1914-க்கு முந்தைய பிரிட்டிஷ் காலாட்படைப் பயிற்சியில் 300 கெஜத் தூரத்தில் ஒரு நிமிஷத்துக்கு 15 குண்டு, குறி பார்த்து. தேர்ந்தவர்கள் அதற்கும் மேலே போனார்கள். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் போல்ட் உருண்டையை விடவே விடாது, ட்ரிகரை நடுவிரல் இழுக்கும். நான் செய்து பார்த்திருக்கிறேன், தோட்டா இல்லாமல், டிரில் ரைபிளில். ஆறாவது இழுப்பிலேயே தாளம் தப்பிவிட்டது.

1914 ஆகஸ்ட் 23, பெல்ஜியத்தில் மோன்ஸ் சண்டை. எதிரே இருப்பவை எல்லாம் இயந்திரத் துப்பாக்கிகள் என்று ஜெர்மானியர் நினைத்தார்கள் என்ற கதையை நானும் பல பேரிடம் அளந்திருக்கிறேன். இப்போது கொஞ்சம் இழுத்துப் பிடிக்கத் தோன்றுகிறது. பட்டாலியனுக்கு இரண்டு இயந்திரத் துப்பாக்கி நிஜமாகவே இருந்தது. அன்று சாயங்காலம் பின்வாங்கியதும் பிரிட்டிஷார்தான். வேகமாகச் சுட்டது உண்மை, அதை வைத்துப் போரையே ஜெயித்த மாதிரி பேசுவது நம் வேலை.

5 ஜூலை, இரவு 10.30

பின்பக்கப் பூட்டு. இதில் கேள்வி கேட்டவருக்கு அரை மார்க் தருகிறேன்.

மவுசரில் போல்ட்டின் முன் தலையில், தோட்டாவின் முதுகுக்கு நேர் பின்னால் பூட்டு விழும். லீயில் பூட்டு பின்னால். வெடிக்கும்போது போல்ட்டின் முழு நீளமும் ஒரு இம்மி அமுங்கிக் கொடுக்கும். கூடு நீளும். அந்தப் பித்தளையைத் திரும்பத் திரும்ப மருந்து அடைத்துப் பயன்படுத்துவது கஷ்டம். இதெல்லாம் குறைதான். ஆனால் பூட்டு பின்னால் இருப்பதால் சேறு அடையும் மூலை முடுக்கு முன்பக்கம் இல்லை, துடைத்தால் போய்விடும். போல்ட் இழுக்க வேண்டிய தூரமும் குறைவு. நூறு மைலுக்குச் சேறாக இருந்த போரில் எது முக்கியம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொரு விசித்திரம். அந்த நெளிவால் குழல் அதிரும் விதத்தில், வேகம் குறைந்த குண்டு கொஞ்சம் மேல்நோக்கிக் கிளம்பும், வேகம் கூடியது கொஞ்சம் கீழ்நோக்கி. தூரத்தில் போய் இரண்டும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் விழும். இங்கிலாந்தின் பிஸ்லி சுடுகளத்தில் 1,000 கெஜப் போட்டிக்காரர்கள் இதற்காகவே லீ-என்ஃபீல்டை விடாமல் வைத்திருந்தார்கள்.

போல்ட்டின் தலை தனியாகத் திருகிக் கழற்றும் துண்டு. 1939-ல் ஏற்கப்பட்ட நம்பர் 4 என்ற பிந்தைய லீ-என்ஃபீல்டில் இந்தத் தலை 0, 1, 2, 3 என்று நாலு அளவில் வந்தது. தேய்ந்து இடைவெளி கூடினால் பெரிய எண்ணை மாட்டிவிடலாம். புது போல்ட் வேண்டாம். கட்டை கூட இரண்டு துண்டு. பின்கட்டையில் நாலு நீளம், குள்ளமானவருக்கு ஒன்று, கை நீண்டவருக்கு ஒன்று. ரெடிமேட் சட்டை மாதிரி அளவு எழுத்து குத்தியிருக்கும்.

ஆனால் ஒருவர் போல்ட்டை இன்னொருவர் துப்பாக்கியில் போடக்கூடாது. ஒவ்வொன்றும் அதனதன் பூட்டுக்கு இழைத்து உட்கார வைத்தது, போல்ட் பிடியில் துப்பாக்கியின் எண் இருக்கும். இதை நான் கற்றுக்கொண்ட விதம்: சுட்டு முடித்துத் துடைக்க உட்கார்ந்தோம். கெட்டிலில் வெந்நீர். குழலுக்குள் ஊற்ற வேண்டும், தோட்டாவைப் பற்றவைக்கும் கேப் எரிந்து விட்ட உப்பு கரைந்து போக. ஊற்றாவிட்டால் நம் ஊர் ஈரத்தில் மறுநாளே துரு. அப்புறம் குழலுக்குள் இழுக்கும் புல்-த்ரூ கயிற்றில் துண்டுத் துணி, எண்ணெய். பின்கட்டையின் பித்தளைத் தகட்டில் ஒரு சின்ன மூடி. அதற்குள்தான் கயிறும் எண்ணெய்க் குப்பியும். பேசிக்கொண்டே துடைத்தோம். எழுந்தபோது என் துப்பாக்கியில் பக்கத்தில் இருந்தவன் போல்ட். அவனுடையதில் என் போல்ட். இரண்டும் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது, வித்தியாசமே தெரியவில்லை. ஹவில்தார் எண்ணைப் படித்தார். ஒன்றும் பேசவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கு நாலு கிலோவைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினோம். மூன்றாவது சுற்றில் கை என்னுடையது இல்லை.

6 ஜூலை, மாலை

ஒருவர், 303 என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார். குழலின் உள் விட்டம் 0.303 அங்குலம், 7.7 மி.மீ. 'நாட்' என்பது பூஜ்யம். ஆனால் குண்டின் விட்டம் 0.311. அது வரிப்பள்ளங்களில் இறுகிப் பிடித்துக்கொண்டு சுழல வேண்டுமே, அதற்காக.

கார்டைட் என்று முன்னால் எழுதினேன், அதைப் பற்றி ஒரு சேதி. பொடி இல்லை அது, இடியாப்பம் மாதிரி நூல் நூலாக இருக்கும். பித்தளைக் கூட்டின் கழுத்தைக் குறுக்குவதற்கு முன்னாலேயே அந்த நூல்களைக் கட்டாக உள்ளே சொருகிவிட்டு, அப்புறம்தான் கழுத்தை நெரிப்பார்கள். நம் குன்னூர் மலை ரயிலில் போனால் அருவங்காடு ஸ்டேஷன் வரும் இல்லையா, அங்கே இருக்கிற கார்டைட் தொழிற்சாலை 1900-களின் தொடக்கத்தில் இந்திய ராணுவத்துக்காக வைத்தது. ஊட்டிக்குப் போகிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே யூகலிப்டஸ் பார்ப்பார்கள். நான் அந்தத் தொழிற்சாலை மதிலைப் பார்ப்பேன். குடும்பத்தில் யாருக்கும் இது புரியவில்லை.

டம்டம் புல்லட்டும் இதே 303-ல் பிறந்ததுதான். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் ஆயுதக் கிடங்கில் 1890-களில் நுனியில் ஈயம் தெரிகிற மாதிரி செய்தார்கள், உடம்பில் பட்டதும் விரியும். 1899 ஹேக் மாநாடு தடை போட்டது. இப்போது அந்த ஊரில் விமான நிலையம்.

7 ஜூலை, நள்ளிரவு தாண்டி

'வெள்ளைக்காரன் கழித்துப்போட்டது.' ஆறு நாளாக இந்த வரியைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். இதில்தான் எனக்குக் கோபம் வந்தது, இப்போது பாதி தணிந்துவிட்டது.

கழித்ததைக் கொடுக்கும் வழக்கம் நிஜமாகவே இருந்தது. 1857-க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்க்கு எப்போதும் வெள்ளைச் சிப்பாயைவிட ஒரு படி பழைய துப்பாக்கி. மறுபடி கிளர்ந்தால் சமாளிக்க வேண்டுமே. 1914 செப்டம்பர் கடைசியில் இந்தியப் படை பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தில் இறங்கியபோது, கையிலிருந்த பழைய ரைபிள்களை வாங்கி வைத்துக்கொண்டு மார்க் 3 கொடுத்தார்கள். பழகாத துப்பாக்கியோடு சில வாரத்தில் அகழிக்குப் போனார்கள்.

ஆனால் போலீஸ் கையில் நாம் பார்த்த 303-களில் பெரும்பாலானவை இங்கிலாந்திலிருந்து மிச்சம் வந்தவை இல்லை. வங்காளத்தில் இச்சாப்பூரில், ஹூக்ளி ஓரத்துத் தொழிற்சாலையில் செய்தவை. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் நம்பர் 4-க்கு மாறியது. இச்சாப்பூர் பழைய மார்க் 3-லேயே தொடர்ந்தது, சுதந்திரத்துக்குப் பிறகும். அடையாளம் வேண்டுமானால் முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகாணி இருக்கும், மரம் பிளக்காமல் இருக்க. இது இச்சாப்பூர் கைவேலை.

1962-ல் சீன எல்லையில் நம் ஜவான்கள் பலர் 303-ஐ வைத்துக்கொண்டு தானியங்கித் துப்பாக்கிகளை எதிர்கொண்டார்கள். அங்கே உங்கள் வாதம் சரி, நான் வாயைத் திறக்க மாட்டேன். அதற்குப் பிறகு இச்சாப்பூர் ஒரு காரியம் செய்தது. இதே அமைப்பை, இன்னும் நல்ல எஃகில், 7.62 தோட்டாவுக்கு மாற்றி 2ஏ, 2ஏ1 என்று செய்தது. மேகசினில் 12. அந்தத் தோட்டாவுக்கு விளிம்பே இல்லை! நீங்கள் சொன்ன முதல் குறையை இச்சாப்பூர்க்காரர்கள் 1960-களிலேயே எடுத்துவிட்டார்கள். பூட்டு மட்டும் பின்னாலேயே இருந்தது, அதிக அழுத்தமுள்ள தோட்டாவைத் தாங்கவும் செய்தது.

இதற்கு மறுபக்கம் உண்டு, அதையும் எழுதத்தான் வேண்டும். 1919 ஏப்ரல் 13, ஜாலியன்வாலா பாக். 50 ரைபிள், பத்து நிமிஷம், 1,650 குண்டு. மேலே ஜூலை 2-ஆம் தேதி குறிப்பில் போல்ட்டின் வேகத்தை நான் எவ்வளவு ரசித்து எழுதியிருக்கிறேன் என்று இப்போது திரும்பிப் படித்தேன். அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும். வழுக்கிக்கொண்டு போகிற அதே போல்ட்தான் அங்கேயும்.

7 ஜூலை, காலை 8.20

ராத்திரி விட்டுப்போனது. போலீஸ் ஏன் இவ்வளவு நாள் வைத்திருந்தது என்பதற்கு என் பதில்: ஒரு தடவைக்கு ஒரு குண்டு. கூட்டத்தின் முன்னால் நிற்கும் கான்ஸ்டபிள் பதறினாலும் ஒன்றுதான் போகும், அடுத்ததற்கு போல்ட்டை இழுக்க வேண்டும். என் பெரியப்பா ஆயுதப்படையில் இருந்தார். அவர்களிடம் 303-ன் இன்னொரு பிறவியும் இருந்தது, .410 மஸ்கெட். 303-ன் குழலைப் பெரிதாக்கி, மேகசின் இடத்தில் மரக்கட்டை வைத்து அடைத்தது. ஒரு தோட்டா போடு, சுடு, இன்னொன்று போடு. யாராவது பறித்துக்கொண்டு ஓடினாலும் ராணுவத் தோட்டா அதற்குச் சரிப்படாது. கட்-ஆஃப் தகட்டை 1916-ல் எறிந்தார்கள் என்றேனே, மாமியார் இங்கே மரக்கட்டையாகத் திரும்பி வந்துவிட்டார்.

பொதுமக்களுக்கு 303 தோட்டா சட்டப்படி கிடையாது. அதற்காக இதே போல்ட் அமைப்பில் .315 என்று ஒரு ரைபிள் செய்து லைசென்ஸ்காரர்களுக்கு விற்றார்கள். தோட்டத்து வீடுகளில் சுவரில் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

2008 நவம்பர் 26 இரவு மும்பை சி.எஸ்.டி. ஸ்டேஷனில் ரயில்வே போலீஸ் சிலர் கையில் இருந்தது 303. எதிரே ஏ.கே. அன்றைக்கு அந்தத் துப்பாக்கியின் மேல் வந்த கோபம் நியாயமானது. ஆனால் அது துப்பாக்கியின் வடிவமைப்புக்கு எதிரான வாதம் இல்லை, அதை அந்த இடத்தில் வைத்திருந்தவர்களுக்கு எதிரான வாதம். உத்தரப்பிரதேச போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்போடு இதற்கு விடை கொடுத்தது.

8 ஜூலை

கேள்வி கேட்டவர் பதில் போட்டிருக்கிறார். "விளிம்பை விட்டுக்கொடுக்கிறேன், பூட்டை விட மாட்டேன், ஜங்கிள் கார்பைனைப் பற்றி வாயே திறக்கவில்லையே" என்கிறார். பிடித்துவிட்டார்.

அதுதான் நம்பர் 5, குட்டையாக்கிய ரைபிள். 1944-ல் பர்மா, மலேயா காடுகளுக்காக நம்பர் 4-ஐக் குறைத்து, சீவி, எடையைச் சுமார் மூன்றேகால் கிலோவுக்குக் கொண்டுவந்தார்கள். நுனியில் நெருப்பை மறைக்கப் புனல். தோளில் உதைக்காமல் இருக்கக் கட்டையில் ரப்பர். எடை குறைந்தால் உதை கூடும், ரப்பர் எம்மாத்திரம். அதைவிடப் பெரிய குறை, இன்று சரி செய்த குறி நாளை வேறு இடத்தில் சுடும். எவ்வளவு பார்த்தும் பிடிபடவில்லை, 1947-ல் உற்பத்தியை நிறுத்தினார்கள். லீ-என்ஃபீல்ட் குடும்பத்தில் பார்க்க லட்சணமான பிள்ளை அதுதான், உருப்படாததும் அதுதான். இங்கே மவுசருக்கு ஒரு மார்க். போதுமா?

9 ஜூலை, இரவு

இந்த இழையை யாரோ அனுப்பி, முகாமில் பக்கத்தில் படுத்துச் சுட்டவன் படித்திருக்கிறான். போல்ட் மாறிய கதையில் வருகிறவனும் அவன்தான். இப்போது கோவில்பட்டியில் இருக்கிறான். போனில் பத்து நிமிஷம் சிரித்துவிட்டுக் கேட்டான்: "ஐந்தும் அட்டையில் விழுந்ததாமே? உன் அட்டையில் எத்தனை ஓட்டை இருந்தது, ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. ஆறு. அவன் அட்டையில் மூன்று.

அவன் சுட்டதும் ஐந்துதான். அவன் குண்டு ஒன்றாவது என் அட்டைக்கு வந்திருக்கிறது, அது நிச்சயம். என் ஆறில் அவனுடையது ஒன்றா, மூன்றா என்று இரண்டு பேரும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அவன் மூன்று என்கிறான். ஜூலை 2-ஆம் தேதி குறிப்பில் அந்த வரியைத் திருத்திக்கொள்ளவும்.